கூடு நிறைந்தால் தேனீ ஆள் கூட்டாது

எறும்பைப் போல் உழை, கழுகைப் போல் உயரப் பற என்று சிறு தொழில் செய்பவர்களுக்கு அறிவுரை சொல்லும் ஆலோசகர்கள் நிறைய. கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அதை வைத்து ஒரு விளம்பரத்தைத் தொடங்கவும் முடியாது, நிறுத்தவும் முடியாது. மார்க்கெட்டிங் வேலைக்கு இயற்கையிலிருந்து உருப்படியாக எடுக்கக்கூடியது உயிரினங்கள் போடும் கணக்குதான்: எப்போது ஆள் கூப்பிடுவது, எப்போது இடம் மாறுவது, எதைக் காட்டுவது, எதை மறைக்காமல் சொல்வது.

தேன்கூட்டில் வெளியே போய்ப் பூந்தேன் கொண்டுவருகிற தேனீ வேறு, அதை வாங்கி அறைகளில் சேர்க்கிற தேனீ வேறு. கொண்டுவந்த தேனீ, அதை வாங்கிக்கொள்ள ஆள் தேடிக் கூட்டுக்குள் அலையும். இந்தக் காத்திருப்பை அளந்தவர் தேனீ ஆய்வாளர் தாமஸ் சீலி. 1992-இல் வெளிவந்த அவருடைய ஆய்வின்படி, நல்ல வளமான இடத்திலிருந்து வந்த தேனீக்குச் சுமார் 20 நொடிக்குள் ஆள் கிடைத்தால் அது வாலாட்டு நடனம் ஆடி இன்னும் பல தேனீக்களை அந்தப் பூக்களுக்கு அனுப்பும். 50 நொடிக்கு மேல் ஆனால் வேறொரு நடனம்: உடலை நடுக்கிக்கொண்டே கூட்டுக்குள் சுற்றி வரும். அதன் பொருள், ‘வெளியே போக ஆள் வேண்டாம், உள்ளே வாங்க ஆள் வேண்டும்’. வெளியே பூ எவ்வளவு நிறைந்திருந்தாலும், உள்ளே கை இல்லாவிட்டால் ஆள் கூட்டுவது நிற்கிறது.

சிறு தொழில்களில் பெரும்பாலும் நடப்பது இதற்கு நேர்மாறு. விற்பனை குறைந்தால் உடனே “விளம்பரம் போடலாம்” என்பார்கள். விளம்பரத்துக்கு முன்னால் போனை எடுத்துப் பார்க்க வேண்டும். கடைசியாக வந்த 30 விசாரணைகளை எடுத்து ஒரு தாளில் மேலிருந்து கீழாக நான்கு கட்டம் போடுங்கள்: வந்த நேரம், முதல் பதில் போன நேரம், விலை சொன்ன நேரம், ஆர்டர் ஆனதா இல்லையா. முதல் பதிலுக்கு ஆன நேரங்களைச் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கி நடுவில் நிற்பதைப் பாருங்கள். சராசரி எடுக்கக் கூடாது. விடுமுறையில் மாட்டிய ஒரே விசாரணை மொத்தக் கணக்கையும் இழுத்துவிடும். வேலை நேரக் கணக்கில் நடு எண் ஒரு மணி நேரத்துக்குள் இருந்தால் தாராளமாக விளம்பரம் செய்யலாம். நான்கு மணி நேரத்தைத் தாண்டினால் புது விளம்பரம் வேண்டாம், ஓடிக்கொண்டிருப்பதையும் பாதியாகக் குறைக்கலாம். இவை அனுபவத்தில் வைத்துக்கொண்ட எல்லைகள். தொழிலுக்குத் தகுந்தபடி மாறும். அவசரப் பழுது பார்ப்பவருக்கு ஒரு மணி நேரமே அதிகம். வீட்டு உள்வேலை செய்பவருக்கு அரை நாள்கூடப் பரவாயில்லை.

இந்தக் கணக்கு தவறுகிற இடம் ஒன்று உண்டு. “நன்றி, விரைவில் தொடர்பு கொள்கிறோம்” என்று வாட்ஸ்அப் தானாக அனுப்புவதையும் பதில் என்று சேர்த்துவிடுவார்கள். அது பதில் இல்லை. விலையோ நாளோ அளவோ ஏதாவது ஒன்றைச் சொல்வதுதான் பதில். தாமதத்துக்குக் காரணமும் பெரும்பாலும் ஆள் பற்றாக்குறை அல்ல. எல்லாவற்றுக்கும் முதலாளியே பதில் சொல்ல வேண்டும் என்ற ஏற்பாடு. வருகிற கேள்விகளைக் கொட்டிப் பார்த்தால் விலை, அளவு, எத்தனை நாள், எப்படி வந்து சேரும், பணம் எப்படிக் கட்டுவது என்ற ஐந்துக்குள் பெரும்பகுதி அடங்கிவிடும். ஐந்துக்கும் பதிலை எழுதி வைத்தால் கடையில் யார் இருந்தாலும் அனுப்பலாம். ‘தொடக்க விலை இவ்வளவு’ என்ற வரி அதில் கட்டாயம் இருக்க வேண்டும். பேரம் வரும் என்று பயந்து அதை விடுபவர்கள், விலை கேட்டே ஓய்ந்துபோகும் விசாரணைகளைச் சுமக்க வேண்டியிருக்கும்.

இனி அந்த வாலாட்டு நடனம். இதன் பொருளைக் கண்டறிந்த கார்ல் வான் ஃபிரிஷ் 1973-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். செங்குத்தான தேனடையில் மேல்நோக்கிய திசையைச் சூரியனாக வைத்துக்கொண்டு, தேனீ எந்தக் கோணத்தில் ஓடுகிறதோ அந்தத் திசையில் பூ இருக்கிறது. வாலாட்டி ஓடும் நேரம் தூரத்தைச் சொல்லும். ஏறக்குறைய ஒரு நொடிக்கு ஒரு கிலோமீட்டர். இடம் எவ்வளவு வளமோ அத்தனை முறை திரும்பத் திரும்ப ஆடும். உடம்பில் பூவின் மணம் ஒட்டியிருக்கும், கேட்கும் தேனீக்குக் கொஞ்சம் ருசியும் காட்டும். திசை, தூரம், தரம், மாதிரி என நான்கும் ஒரே செய்தியில் வந்துவிடுகின்றன.

“உங்கள் நண்பரிடம் சொல்லுங்கள், பத்து சதவீதம் தள்ளுபடி” என்ற பரிந்துரைத் திட்டத்தில் இந்த நான்கில் எது இருக்கிறது? ஒன்றும் இல்லை. வாடிக்கையாளருக்குச் சொல்ல மனம் இருக்கும், என்ன சொல்வது என்றுதான் தெரியாது. அவர் அப்படியே முன்னனுப்பக்கூடிய ஒரு செய்தியை நாம் எழுதிக் கொடுக்க வேண்டும். யாருக்கு இது பொருந்தும் என்று ஒரு வரி, எப்படி வந்து சேர்வது என்று ஒரு வரி, அவருக்கு நாம் செய்து கொடுத்த வேலையின் படம் ஒன்று. தரத்தைப் பற்றி அவரே தன் சொல்லில் எழுத ஒரு வரி காலியாக இருக்கட்டும். நாம் எழுதிய புகழ்ச்சி அவர் வாயில் ஒட்டாது.

நேரமும் முக்கியம். தேனீ ஆடுவது கூட்டுக்குத் திரும்பிய சூட்டில். வேலை முடிந்து வாடிக்கையாளர் திருப்தியாகத் தலையாட்டிய அன்றே கேட்டுவிட வேண்டும். மாதக் கடைசியில் எல்லோருக்கும் மொத்தமாக அனுப்பும் வேண்டுகோள் ஆறிய பிறகு வருவது. தள்ளுபடியை நான் கடைசியில்தான் சேர்ப்பேன், அதுவும் சொல்பவருக்கு அல்ல, புதிதாக வருபவருக்கு. சொல்பவருக்குக் கொடுத்தால் அவர் சொல்லில் காசு வாடை அடிக்கும்.

அடுத்தது வேலியோரத்து உண்ணிச்செடி. அதன் பூக்கொத்தை அருகில் போய்ப் பாருங்கள். பல வகைகளில் நடுவே புதிதாக விரிந்தவை மஞ்சள். சுற்றிலும் முன்பே விரிந்தவை ஆரஞ்சும் இளஞ்சிவப்பும். மகரந்தச் சேர்க்கை முடிந்த பூ நிறம் மாறுகிறது, ஆனால் உடனே உதிர்வதில்லை. பட்டாம்பூச்சிகள் மஞ்சளையே நாடுவதை இயற்கையியலாளர் ஃபிரிட்ஸ் முல்லர் 1877-லேயே எழுதியிருக்கிறார். மார்த்தா வைஸ் 1991-இல் இதை விரிவாக ஆராய்ந்தார்: பழைய பூக்கள் கொத்தைப் பெரிதாக்கித் தூரத்திலிருந்து இழுக்கின்றன, பக்கத்தில் வந்தபின் நிறமே எதில் தேன் உண்டு என்று சொல்லிவிடுகிறது. தூரத்துக்கு ஒரு சைகை, பக்கத்துக்கு ஒரு சைகை.

ஒற்றைப் பொருட்கள் செய்து விற்பவர்களின் இணையப் பக்கத்துக்கு இதை அப்படியே எடுத்துவிடலாம். விற்றவுடன் படத்தை எடுத்துவிட்டால் பக்கம் வெறிச்சோடும், கடையே நடக்கவில்லையோ என்று தோன்றும். அடையாளம் போடாமல் விட்டுவைத்தாலோ வந்தவர் தட்டிப் பார்த்து, “இருப்பில் இல்லை” என்று கண்டு, இன்னொன்றையும் தட்டிவிட்டுப் போய்விடுவார். விற்றது பக்கத்தில் இருக்கட்டும், ஆனால் படத்தின் மேலேயே தெரியும்படி நிறம் மங்க வேண்டும், வாங்கும் பொத்தான் போக வேண்டும், அந்த இடத்தில் “இதுபோல் செய்துதர” என்ற பொத்தான் வர வேண்டும். போன் திரையில் முதலில் தெரியும் படங்களில் பாதிக்கு மேல் விற்றவையாக இருக்க விடாதீர்கள். செடியும் பழைய பூவைக் கடைசிவரை வைத்துக்கொள்வதில்லை.

ஒரு விளம்பரத்தை எப்போது விடுவது என்பதற்கு சூழலியலாளர் எரிக் சார்னோவ் 1976-இல் எழுதிய சூத்திரம் உதவும். இரை தேடும் உயிர், இப்போதைய இடத்தில் கிடைக்கும் வேகம், அலைச்சலையும் சேர்த்த மொத்தச் சராசரிக்கு இறங்கும்போது இடம் மாற வேண்டும் என்பது அதன் சாரம். எந்த நாணயமானாலும் சரி, ஒரு விளம்பரத்தில் 10,000 செலவாகி 100 விசாரணை வந்திருக்கிறது என்று வையுங்கள், ஒன்றுக்கு 100. எல்லா வழிகளின் சராசரி 125. “இதுதான் மலிவு, தொடரலாம்” என்பார்கள். பிரித்துப் பாருங்கள்: முதல் 5,000-க்கு 70 வந்தது, அடுத்த 5,000-க்கு 30 மட்டுமே. இப்போதைய விலை ஒன்றுக்கு 167. பழைய லாபம் இன்றைய நஷ்டத்தை மறைத்துக்கொண்டிருக்கிறது. சூத்திரத்தின் மறுபாதியையும் மறக்கக் கூடாது: அலைச்சல் அதிகம் என்றால் இருக்கும் இடத்தில் கூடுதல் நேரம் தங்குவதே சரி. புது வழிக்குப் படப்பிடிப்பு, புதுப் பக்கம், பழகும் காலம் எல்லாம் வேண்டுமென்றால் 140 வரைகூடப் பொறுக்கலாம்.

எல்லாவற்றையும் அப்படியே பின்பற்றவும் கூடாது. பவளத்திட்டுகளில் மற்ற மீன்களின் ஒட்டுண்ணிகளைத் தின்று வாழும் துப்புரவு மீன், வேறு இடம் போக வழியுள்ள மீன்களை முதலில் கவனித்து, அங்கேயே குடியிருக்கும் மீனைக் காக்க வைக்கும். புதியவருக்குச் சலுகை, பழையவருக்குக் காத்திருப்பு என்று பல கடைகள் செய்வது இதேதான். மீனுக்கு அது ஒத்துவரக் காரணம், குடியிருக்கும் மீனுக்குப் போக்கிடம் இல்லை. உங்கள் பழைய வாடிக்கையாளர் கையில் போன் இருக்கிறது. அவரும் போக வழியுள்ள மீன்தான். அதே மீனிடம் எடுக்க வேண்டியது வேறொன்று: அடுத்த மீன் பார்த்துக்கொண்டிருக்கும்போது அது தான் துப்புரவு செய்யும் மீனைக் கடிக்காமல் ஒழுங்காக வேலை செய்கிறது என்று ஆய்வாளர்கள் பிஷாரியும் கிரட்டரும் 2006-இல் காட்டினார்கள். கூகுளில் வரும் குறை சொல்லும் மதிப்புரைக்கு எழுதும் பதிலை அடுத்து வரப்போகிறவர் படிக்கிறார் என்று நினைத்து எழுதுங்கள்: என்ன நடந்தது, என்ன சரிசெய்தோம், எப்போது. மூன்று வரி போதும்.

தேன் இல்லாமலே பூச்சியை ஏமாற்றும் ஆர்க்கிட் பூக்கள் நிறைய உண்டு. ஏமாந்த தேனீ கற்றுக்கொண்டு விலகிவிடும், அதனால் அவற்றில் காய்ப்பது குறைவு. திரும்பத் திரும்ப அதே ஆட்களிடம் விற்கும் கடைக்கு அந்த வழி உதவாது.

இன்னொரு வேறுபாடும் உண்டு. மரம் ஆயிரக்கணக்கில் விதை உதிர்க்கும், முளைப்பது ஒன்றிரண்டு. சிறு தொழிலுக்கு அத்தனை விதை கிடையாது. அதனால் புது முயற்சிகளுக்கு மாத விளம்பரச் செலவில் பத்து முதல் பதினைந்து சதவீதம், ஒரு நேரத்தில் ஒன்றே ஒன்று. தொடங்கும் முன்பே தாளில் மூன்றை எழுதிவிட வேண்டும்: எவ்வளவு வரை செலவு, எத்தனை விசாரணை வந்தால் தொடர்வது, எந்தத் தேதியில் நிறுத்துவது. தேதியைப் பின்னால் எழுதிக்கொள்ளலாம் என்று விட்டால் “இன்னும் ஒரு வாரம் பார்ப்போம்” என்ற பேச்சு வரும். எனவே பணம் கட்டும் முன் தேதி போட்டு, கணக்குப் பார்ப்பவரிடம் ஒரு நகலைக் கொடுத்துவிடுங்கள்.