தண்ணீர் வந்த வழி

அந்தக் கார் எங்கள் பட்டறைக்குள் நுழைந்தபோது அதில் ஒரு கோளாறும் இல்லை. பொத்தானை அழுத்தியதும் துணிக்கூரை மடங்கிப் பின்னால் போய் உட்கார்ந்தது. மறுபடி அழுத்தியதும் எழுந்து வந்து மூடிக்கொண்டது. இண்டிகேட்டர்கள் ஒழுங்காக எரிந்தன. டிக்கி சாவிக்குக் கட்டுப்பட்டுத் திறந்தது. காரை ஓட்டி வந்த அம்மாவின் முகம்தான் வாடிப்போயிருந்தது. "தம்பி, நான் பொய் சொல்லவில்லை. மழை பெய்த மறுநாள் இது வேறு காராக மாறிவிடும்" என்றார்.

நள்ளிரவில் டிக்கி தானாகத் திறந்துகொள்கிறது. கூரை பாதி வழியில் நின்றுவிடுகிறது. இரண்டு நாள் நிறுத்தி வைத்தால் பேட்டரி செத்துப்போகிறது. ஏற்கெனவே வேறிடத்தில் பேட்டரியை இரண்டு முறையும், கூரையின் சுவிட்சை ஒரு முறையும் மாற்றியிருக்கிறார்கள். நான்காவது முறை போனபோது, "எங்கள் கண்முன் கோளாறு வந்தால்தான் பார்க்க முடியும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம்.

தண்ணீரால் வரும் மின்கோளாறுகளில் மிகப் பெரிய சிக்கல் இதுதான். நனைந்தபோது படுத்துக்கொள்ளும் கார், உலர்ந்தபின் எழுந்து பட்டறைக்கு வருகிறது. நாம் பார்ப்பது உலர்ந்த காரை. கோளாறைப் பார்த்தவர் அதன் உரிமையாளர் ஒருவர்தான். அவர் சொல்வதை நம்பாமல் இந்த வேலையில் ஓர் அடிகூட எடுத்து வைக்க முடியாது.

இதை நான் எளிதாகக் கற்றுக்கொள்ளவில்லை. பல ஆண்டுகளுக்கு முன், இதே போன்று கூரை மடங்கும் ஒரு கன்வெர்டிபிளில், கூரையை இயக்கும் மாட்யூலை, அதாவது மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டியை, மாற்றிக் கொடுத்தேன். காரில் பதிவான பிழைகளைப் படித்துக் காட்டும் ஸ்கேனர் அந்த மாட்யூலின் பெயரைச் சொன்னது. நானும் அதையே நம்பினேன். புதியதைப் பொருத்தியதும் கூரை வேலை செய்தது. ஒரு மாதம் கழித்து, முதல் மழைக்குப் பின் அதே கார் இழுவை வண்டியில் திரும்பி வந்தது. எங்கள் பட்டறையின் மூத்தவர் ஒரு வார்த்தையும் பேசாமல் டிக்கியின் பக்கவாட்டு அட்டையைக் கழற்றினார். அடியில் இருந்த பள்ளத்தில் நான்கு விரற்கடை தண்ணீர். அதற்குள் நான் பொருத்திய புது மாட்யூல் கிடந்தது. அந்த வாடிக்கையாளரின் பணம் என் அவசரத்தால் வீணானது. அன்று முதல், எந்தப் பொருளை மாற்றலாம் என்ற கேள்விக்கு முன்பாகத் தண்ணீர் எப்படி வந்தது என்ற கேள்வியைத்தான் கேட்கிறேன்.

அந்த அம்மாவை உட்காரவைத்து நிறையக் கேட்டேன். மழை பெய்யும்போதே கோளாறு வருகிறதா, மறுநாளா? ஓடும்போதா, நிற்கும்போதா? கூரை நிற்பது திறக்கும்போதா, மூடும்போதா? கடைசியாகக் கேட்டதுதான் மிகவும் உதவியது: காரை எங்கே, எந்தப் பக்கம் பார்த்து நிறுத்துவீர்கள்? வீட்டு வாசலில் சரிவு இருப்பதாகவும், காரின் முகம் மேட்டைப் பார்த்து நிற்கும் என்றும் சொன்னார். பள்ளத்தைத் தேடிப் போவதுதான் தண்ணீரின் குணம். முகம் மேட்டைப் பார்த்தால் பள்ளம் பின்பக்கம்.

ஸ்கேனரில் ஏழு மாட்யூல்களில் இருபத்து மூன்று பிழைக் குறியீடுகள் இருந்தன. உடன் இருந்த பயிற்சித் தம்பி, "அழித்துவிட்டு எது திரும்ப வருகிறது என்று பார்க்கலாமா அண்ணா?" என்று கேட்டான். வேண்டாம் என்றேன். அழித்தால் சாட்சி போய்விடும். ஒவ்வொன்றும் எத்தனை முறை, எந்த மின்னழுத்தத்தில் பதிவானது என்பதையும் சேர்த்து எழுதிக்கொண்டோம். பெரும்பாலானவை "மின்னழுத்தம் குறைவு" வகை. அவை கோளாறின் விளைவுகள். பேட்டரி இறங்கியபோது எல்லா மாட்யூல்களும் சேர்ந்து எழுப்பிய கூக்குரல் அது. அவற்றை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் மிஞ்சியது மூன்று. அந்த மூன்றும் காரின் பின்பக்க இடது மூலையைச் சேர்ந்தவை.

பிறகு கார்ப்பெட்டைத் தொட்டோம். மேலே உலர்ந்திருந்தது. ஆனால் அதன் அடியில் இரண்டு விரற்கடைத் தடிமனில் பஞ்சு இருக்கிறது. மேற்பரப்பு காய்ந்தபின்னும் வாரக்கணக்கில் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். தம்பியின் கையைப் பிடித்து, இருக்கைக்குப் பின்னால் முழு உடல் எடையையும் கொடுத்து அழுத்தச் சொன்னேன். சில நொடிகளில் விரல்களுக்கிடையே ஈரம் கசிந்தது. அவன் கையை முகர்ந்து பார்த்தான். பழைய தண்ணீரின் வாடை.

இங்கே கன்வெர்டிபிளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். துணிக்கூரைக் காரில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட உள்ளே புகாது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் ஓரளவு தண்ணீர் கூரையின் விளிம்பைத் தாண்டி வரும் என்று கணக்கிட்டே அதை வடிவமைக்கிறார்கள். வரும் தண்ணீரைக் கூரையின் ஓரத்தில் ஒரு வாய்க்கால் ஏந்திக்கொள்ளும்; அங்கிருந்து ரப்பர் குழாய் வழியாகக் காரின் அடியில் வெளியேறும். அந்தக் குழாயின் வாயில் சருகும் மண்ணும் சேர்ந்து அடைத்துக்கொண்டால் வாய்க்கால் நிரம்பி உள்பக்கம் வழியும். மடிந்த கூரைக்கு இடம் ஒதுக்கிய பிறகு மாட்யூல்களுக்கும் ஹைட்ராலிக் பம்புக்கும் மிஞ்சுவது பெரும்பாலும் டிக்கியின் ஓரப் பள்ளங்கள், இருக்கையின் அடி, கார்ப்பெட்டின் கீழ்ப்பகுதி ஆகியவைதான். தண்ணீர் கடைசியில் போய்ச் சேரும் இடங்களும் அவையே.

நீர்ச் சோதனைக்கு ஹோஸைக் கையில் எடுத்தால் பொறுமை வேண்டும். கார் முழுவதும் பீய்ச்சி அடித்தால் எங்கிருந்து கசிகிறது என்று தெரியவே தெரியாது. கீழிருந்து மேலாக, ஓர் இடத்துக்குச் சில நிமிடங்கள் என்று, அழுத்தம் இல்லாமல் மழைபோல் தண்ணீரை விட வேண்டும். தம்பி டார்ச் விளக்கோடு உள்ளே உட்கார்ந்திருந்தான். நான் வெளியே. கண்ணாடி ஓரம், கதவின் ரப்பர் பீடிங், கூரைத் தையல் என்று அரை மணி நேரம் ஆனது. ஒரு சொட்டும் வரவில்லை. அவன் சோர்ந்துவிட்டான்.

அப்போதுதான் அந்தச் சரிவு நினைவுக்கு வந்தது. எங்கள் தரை சமதளம். ஜாக்கி வைத்துக் காரின் முன்பக்கத்தை ஒரு முழத்துக்குத் தூக்கி, ஸ்டாண்டு கொடுத்தோம். காரைப் பூட்டி, பேட்டரி ஒயரில் மின்னோட்டத்தை அளக்கும் கிளாம்ப் மீட்டரை மாட்டினேன். அரை மணி நேரத்தில் மாட்யூல்கள் எல்லாம் உறங்கி, மீட்டர் 0.02 ஆம்பியருக்கு இறங்கியது. பொதுவாக 0.05-க்குக் கீழ் இருந்தால் கவலை இல்லை. மறுபடி கூரையின் பின் ஓரத்தில் தண்ணீரை விட்டேன். பதினைந்து நிமிடம் போயிருக்கும். மீட்டரில் எண் துடித்தது. 0.02 என்று இருந்தது 0.4 ஆனது, பிறகு 2 ஆம்பியரைத் தொட்டது. உள்ளே எங்கோ ஒரு ரிலே, அதாவது மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச், "டிக்" என்றது. பூட்டிய காரின் டிக்கி, யாரும் தொடாமல், எங்கள் கண்முன்னே திறந்துகொண்டது.

நான் உடனே அந்த அம்மாவைத் தொலைபேசியில் அழைத்தேன். "நீங்கள் சொன்னது அத்தனையும் உண்மைதான் அம்மா. இப்போது நாங்களும் பார்த்துவிட்டோம்" என்றேன். மறுமுனையில் சற்று நேரம் பேச்சே இல்லை.

2 ஆம்பியர் என்பது சிறிய எண்ணாகத் தோன்றலாம். 60 ஆம்பியர்-மணி பேட்டரியை அது முப்பது மணி நேரத்தில் காலி செய்துவிடும். இரண்டு பேட்டரிகள் அப்படித்தான் பலியாகியிருந்தன.

அதன்பின் பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டுக் காத்திருந்தோம். இருக்கையைக் கழற்றும்போது அதன் அடியில் மஞ்சள் நிறக் கனெக்டர்கள், அதாவது ஒயர் இணைப்பான்கள், இருக்கும். அவை ஏர்பேக்குக்கும் சீட்பெல்ட்டை இறுக்கும் வெடிப்பொறிக்கும் உரியவை. மின்தேக்கியில் மிச்சமிருக்கும் மின்சாரம் வடியாமல் அவற்றைத் தொடக்கூடாது. ஈரமான காரில் இதில் அலட்சியம் காட்டுவதை நான் யாரிடமும் பொறுத்துக்கொள்வதில்லை.

பக்கவாட்டு அட்டையை எடுத்ததும் மாட்யூலின் கனெக்டர் தெரிந்தது. பதினாறு பின்கள். அவற்றில் பதினைந்து ஓரளவு நன்றாகவே இருந்தன. ஒன்று மட்டும் பாதிக்கு மேல் கரைந்து, பச்சைக் களிம்பு பூத்து நின்றது. "ஒன்று மட்டும் ஏன் அண்ணா?" என்று தம்பி கேட்டான். நல்ல கேள்வி. சர்க்யூட் படத்தைப் பார்க்கச் சொன்னேன். அந்தப் பின்னுக்குத்தான் சாவியை எடுத்த பிறகும் எப்போதும் 12 வோல்ட் வருகிறது. ஈரம் படர்ந்ததும் அந்த நேர்முனைக்கும் பக்கத்திலுள்ள எர்த் பின்னுக்கும் இடையே மெல்லிய மின்னோட்டம் ஓடத் தொடங்கும். முலாம் பூசும் தொட்டியில் நடப்பதே இங்கும் நடக்கிறது. நேர்முனையின் உலோகம் கரைந்து போகிறது. எர்த் பின் பளபளப்பாகவே இருக்கிறது. டிக்கி சுவிட்சின் பின்னும் எர்த்தின் அருகிலேயே இருந்தது. இரண்டுக்கும் நடுவே தண்ணீர் பாலம் போட்டதும், யாரோ பொத்தானை அழுத்திவிட்டார்கள் என்று மாட்யூல் நினைத்துக்கொண்டது.

களிம்பு பின்னோடு நிற்கவில்லை. ஒயரின் உறையைக் கீறிப் பார்த்தேன். செம்பு இழைகள் கறுத்திருந்தன. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல, இழைகளுக்கிடையே தண்ணீர் ஏறியிருக்கிறது. ஒரு சாண் தள்ளி வெட்டியும் கறுப்பு. அதற்கும் மேலே போன பிறகுதான் செம்பின் சிவப்பு தெரிந்தது.

வெட்டி எடுத்த அந்தத் துண்டை வைத்துத் தம்பிக்கு ஒரு சோதனை செய்து காட்டினேன். ஒரு முனையைப் பேட்டரியில் கொடுத்து மறுமுனையில் மல்டிமீட்டரை வைத்தால் 12.4 வோல்ட் காட்டியது. "ஒயர் நன்றாகத்தானே இருக்கிறது" என்றான். அதே முனையில் 21 வாட் பல்பைச் சேர்த்தேன். பல்பு மங்கலாக மினுங்கியது. மீட்டர் 4 வோல்ட்டுக்கு விழுந்தது. மல்டிமீட்டர் மின்னோட்டத்தை அநேகமாக இழுப்பதே இல்லை. ஒற்றை இழை ஒட்டிக்கொண்டிருந்தால்கூட முழு மின்னழுத்தத்தைக் காட்டிவிடும். 1.75 ஆம்பியர் ஓட வேண்டும் என்னும்போதுதான் ஒயரின் வலு தெரியும். கூரை பாதியில் நின்றதன் காரணமும் இதுதான். பம்ப் மோட்டார் திணறும் நேரத்தில் மாட்யூலின் ரிலேக்கள் அனைத்துக்கும் இந்த ஒரு ஒயர்தான் மின்சாரம் தர வேண்டியிருந்தது.

மாட்யூல்கள் பேசிக்கொள்ளும் கேன் இணைப்பையும் சோதித்தோம். 1986-இல் பாஷ் நிறுவனம் அறிமுகப்படுத்திய முறை அது. இரு கோடியிலும் 120 ஓம் தடைகள் இருப்பதால், மின்சாரம் இல்லாதபோது இரு ஒயர்களுக்கும் இடையே 60 ஓம் காட்ட வேண்டும். காட்டியது. அந்தப் பக்கம் கவலை இல்லை.

வாய்க்கால் குழாயின் அடைப்பை எடுப்பது அன்றைய வேலையில் மிகச் சிறியது. காற்றழுத்தக் குழாயை வைத்து ஊதினால் உள்ளே ரப்பர் குழாயின் மூட்டு கழன்றுகொள்ளும் ஆபத்து உண்டு என்பதால், மெல்லிய நைலான் கம்பியைக் கையால் சுழற்றிச் சுழற்றி உள்ளே விட்டோம். விரல் கனத்துக்கு மட்கிய சருகு வந்தது. அதைத் தொடர்ந்து, வாய்க்காலில் தேங்கியிருந்த கறுப்புத் தண்ணீர் காரின் அடியில் கொட்டியது.

பழுதான ஒயர்களைச் சிவப்புச் செம்பு தெரியும்வரை வெட்டி, புது ஒயர் இணைத்து, சூடாக்கினால் சுருங்கி ஒட்டிக்கொள்ளும், பசை உள்ள உறை போட்டு மூடினோம். புதுப் பின்கள் பொருத்தினோம். மாட்யூலைத் திறந்து ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் கழுவி உலர்த்தியதில் அது நன்றாகவே வேலை செய்தது. ஆனாலும் அந்த அம்மாவிடம் மறைக்காமல் சொன்னேன்: ஒருமுறை நனைந்த சர்க்யூட் பலகைக்கு ஆயுள் சொல்ல முடியாது, சில ஆண்டுகள் உழைக்கலாம், அடுத்த மாதமே நிற்கலாம். காரணம் தெரியாமல் மூன்று முறை பணம் கொடுத்தவர் அவர். இந்த முறை காரணம் தெரிந்து தானே முடிவெடுக்கட்டும் என்று நினைத்தேன். பழையதையே வைத்துக்கொள்வதாகச் சொன்னார். கனெக்டரை மட்டும் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்கு மாற்றிக் கட்டினோம்.

கார்ப்பெட்டின் பஞ்சு உலர மூன்று நாள் ஆனது. திரும்பப் போடும்போது, இடப்புறமும் வலப்புறமும் பஞ்சுக்கு அடியில் பழைய செய்தித்தாளை பக்கத்துக்கு ஒரு தாளாக விரித்தோம். எங்கள் மூத்தவரிடம் கற்ற பழக்கம் இது. நனைந்து காய்ந்த தாள் அதைச் சுருக்கத்திலும் கறையிலும் காட்டிவிடும். இரண்டு மழை பெய்தபின் காரைக் கொண்டுவரச் சொல்லி அனுப்பினோம்.

மூன்று வாரம் கழித்து வந்தார். டிக்கி திறக்கவில்லை, பேட்டரி இறங்கவில்லை என்று முகம் மலரச் சொன்னார். தம்பி இடப்பக்கத் தாளை உருவினான். போட்டபோது இருந்ததுபோலவே மொடமொடவென்று வந்தது. அவன் என்னைப் பார்த்துச் சிரித்தான். வலப்பக்கத் தாளில், கதவை ஒட்டிய ஓரத்தில், உள்ளங்கை அளவுக்கு ஒரு பழுப்புக் கறை இருந்தது.

கூரைக்கும் அதற்கும் தொடர்பில்லை. கண்ணாடி வழியாகக் கதவுக்குள் இறங்கும் தண்ணீரைத் தடுக்க, கதவு அட்டையின் பின்னால் ஒரு பிளாஸ்டிக் திரை ஒட்டியிருக்கும். அதன் பசை எங்கோ விட்டிருக்க வேண்டும். அந்த அம்மாவிடம் தாளைக் காட்டினேன். "சாவி உங்களிடமே இருக்கட்டும் தம்பி" என்றார். தம்பி அதற்குள் கதவின் கைப்பிடித் திருகைக் கழற்றத் தொடங்கியிருந்தான்.