ஒரே சாடியில் மார்ச்சும் ஆகஸ்டும்: டச்சு மலர் ஓவியக் குறிப்புகள்

மார்ச் 3

டச்சு மலர் ஓவியம் எது கண்ணில் பட்டாலும், அதில் உள்ள பூக்கள் எந்தெந்த மாதத்தில் பூப்பவை என்று முதலில் கணக்குப் போட்டுப் பாருங்கள். நார்சிசஸும் ஹையசிந்தும் மார்ச், ஏப்ரல். டியூலிப் ஏப்ரல் கடைசியிலிருந்து மே வரை. ஐரிஸும் பியோனியும் மே, ஜூன். ரோஜாவுக்கு ஜூன் பிறக்க வேண்டும். செண்டுமல்லி, ஹாலிஹாக் எல்லாம் கோடையின் பின்பாதி. இவை அத்தனையும் ஒரே சாடியில் வாடாமல் நிற்கும். அப்படி ஒரு கொத்தை எந்த ஓவியரும் மேசையில் வைத்துப் பார்த்தது கிடையாது.

பூ பூக்கும்போது தனித்தனியாக வரைந்து வைத்துக்கொண்டு, பிறகு கூட்டிச் சேர்த்தவை இவை. பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வரைந்த அம்ப்ரோசியஸ் பொஸ்கார்ட்டின் படங்களில் ஒரே பூ, அதே கோணத்தில், அதே இதழ் மடிப்போடு வேறு வேறு சாடிகளில் திரும்பத் திரும்ப வரும். கையில் மாதிரித் தாள்கள் இல்லாமல் அது நடக்காது. ஆண்ட்வெர்ப் ஓவியர் யான் ப்ரூகல் 1606இல் மிலான் கார்டினல் ஃபெடெரிகோ பொரோமியோவுக்கு எழுதிய கடிதத்தில், ஆண்ட்வெர்ப்பில் கிடைக்காத சில பூக்களை நேரில் பார்த்து வரையவே பிரஸ்ஸல்ஸ் போனதாகச் சொல்கிறார்.

பதினெட்டாம் நூற்றாண்டு ஓவியர் யான் வான் ஹெய்சும் இன்னும் பிடிவாதக்காரர். மஞ்சள் ரோஜா அந்த ஆண்டு கிடைக்கவில்லை, அதனால் படம் முடியவில்லை என்று 1742இல் வாடிக்கையாளர் தரப்புக்கு எழுதினார். லண்டன் நேஷனல் கேலரியில் உள்ள அவரது சுடுமண் சாடிப் படத்தில் 1736, 1737 என்று இரண்டு ஆண்டுகள் இருக்கின்றன. ஒரு பூக்காலம் போதாமல் அடுத்ததற்கும் காத்திருந்த படம் அது. இந்த ஓவியங்கள் நம்மை இழுத்து நிறுத்துவதற்குக் காரணம் இந்தக் காத்திருப்புதான் என்பது என் கட்சி. மாதக்கணக்கான பார்வை ஒரு முழ அகலப் பலகையில் அடைபட்டிருக்கிறது.

மார்ச் 6

டியூலிப் பற்றிச் சுருக்கமாக. படங்களில் வெள்ளை மீது சிவப்பு, ஊதாக் கீற்றுகள் ஓடும் வகைக்குத்தான் மரியாதை. அந்தக் கீற்றுகள் ஒரு வைரஸ் நோயால் வருபவை, செடிப்பேன் பரப்புவது. கிழங்கை ஆண்டுக்காண்டு பலவீனப்படுத்தும். அதனால் அந்த வகையைப் பெருக்குவது கடினம், விலையும் ஏறியது. 1637 பிப்ரவரியில் டச்சு டியூலிப் சந்தை சரிந்தது. கீற்றுகளுக்கு நோய்தான் காரணம் என்பது 1920களில்தான் நிரூபணமானது. வரைபவர்களுக்கு ஒன்று: கீற்றுகள் விளிம்பில் அடர்ந்து, இதழின் அடிப்பக்கம் போகப் போக மெலிய வேண்டும். எல்லா இதழிலும் சமமாகப் போட்டால் அச்சடித்த துணி போல ஆகிவிடும்.

மார்ச் 10

பொஸ்கார்ட் கொத்தில் ஏறக்குறைய ஒவ்வொரு பூவும் முழு முகம் காட்டும். ஒன்று மற்றொன்றை அதிகம் மறைக்காது. விலை உயர்ந்த பூவை மறைப்பது அந்தக் காலத்தில் வீண் செலவு மாதிரி. வில்லெம் வான் ஆல்ஸ்ட் அதை உடைத்தார். கொத்து ஒரு பக்கம் சாய்ந்தது, சில பூக்கள் முதுகைக் காட்டின. அவரிடம் பயின்ற ரேச்சல் ருய்ஷ் (1664–1750) தண்டுகளையே வளைத்து ஓடவிட்டார். நுணுக்கத்தில் வான் ஹெய்சும் மிஞ்சலாம். கொத்துக்குள் காற்று புகுந்து வருவது ருய்ஷிடம்தான்.

பிரதி எடுப்பவர்கள் சறுக்கும் இடம் இது: எல்லாப் பூவுக்கும் ஒரே வெளிச்சம் கொடுப்பது. நடுவில் இரண்டு மூன்று வெளிர் பூக்களுக்கு மட்டும் முழு ஒளி. ஓரத்துப் பூக்களின் விளிம்பைப் பின்னணி இருட்டில் கரைய விடுங்கள்.

மார்ச் 17

சிவப்பு பியோனி. பழைய முறையில் அடியில் சாதிலிங்கச் சிவப்பும் ஈய வெள்ளையும். அது காய்ந்த பிறகு மேலே கோச்சினீல் (ஒரு பூச்சியிலிருந்து எடுப்பது) போன்ற சாயத்தில் செய்த சிவப்பு லேக்கை, அதாவது சாயத்திலிருந்து செய்த நிறமியை, மெல்லிய கிளேஸாக, ஒளி ஊடுருவும் பூச்சாகப் பூசினார்கள். ஒளி கிளேஸுக்குள் போய் அடிப்பூச்சில் பட்டுத் திரும்புவதால்தான் அந்த ஆழம் வருகிறது. ஒரே கலவையில் அது கிடைக்காது.

இன்று செய்வதானால் அடிப்பூச்சுக்கு காட்மியம் ரெட் லைட்டும் வெள்ளையும். வெளிச்சம், நிழல் முழுவதையும் இங்கேயே தீர்த்துவிடுங்கள், நினைத்ததைவிட ஒரு படி வெளிராகவே. கிளேஸ் எல்லாவற்றையும் கறுக்கச் செய்யும். குறைந்தது ஒரு வாரம் காயட்டும், விரலில் ஒட்டக்கூடாது. பிறகு ஸ்டாண்ட் ஆயில் (கெட்டியாக்கிய ஆளிவிதை எண்ணெய்) 1 பங்கு, டர்பெண்டைன் 2 பங்கு கலந்து, குவினாக்ரிடோன் ரோஸ் (டியூபில் உள்ள நிறமிக் குறியீடு பிவி 19) மெல்லிசாக. அலிசரின் கிரிம்சன் (பிஆர் 83) வேண்டாம், மெல்லிய பூச்சில் வெளுத்துவிடும். கிளேஸ் திட்டுத்திட்டாக விலகி நின்றால் அடிப்பூச்சில் எண்ணெய் அதிகம் என்று அர்த்தம்.

மார்ச் 21

இலை மேல் பனித்துளி. வெளிச்சம் இடது மேலிருந்து வருகிறது என்று வைத்துக்கொள்வோம். துளிக்குள் இடது மேல் பக்கம் இலையைவிடக் கருமையாக இருக்க வேண்டும். வலது கீழ்ப் பக்கம் இலையைவிட வெளிராக, ஏனெனில் உள்ளே புகுந்த ஒளி அங்கேதான் சேர்கிறது. கருமையான பகுதிக்குள் கெட்டியான வெள்ளை ஒரே ஒரு புள்ளி. துளிக்கு வெளியே, வலது கீழே, மெல்லிய நிழல் ஒரு பிறை. அவ்வளவுதான், நான்கு தொடுகை. துளியைச் சுற்றி வெள்ளைக் கோடு இழுத்தால் கெட்டது. தண்ணீர் கண்ணாடிக்குண்டு ஆகிவிடும்.

மார்ச் 30

வான் ஹெய்சும் படங்களில் பல இலைகள் நீலமாக இருப்பதைப் பார்த்து, அது அவருடைய ரசனை என்று நினைப்பவர்கள் உண்டு. பச்சையாகத்தான் வரைந்தார். நீலத்தோடோ, நீலத்தின் மேலோ தாவரச் சாயத்தில் செய்த மஞ்சள் லேக்கைச் சேர்ப்பது வழக்கம். மஞ்சள் வெளிச்சத்தில் போய்விட்டது, நீலம் தங்கிவிட்டது.

ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ்மியூசியத்தில் ஆப்ரகாம் மின்யோனின் பூக்களும் பாக்கெட் கடிகாரமும் உள்ள படம் இதைவிட வருத்தமானது. மற்றப் பூக்கள் புடைத்து நிற்க, மஞ்சள் ரோஜா மட்டும் தட்டையாகக் கிடக்கிறது. அதற்கு அவர் பயன்படுத்தியது அரிதாரம் என்ற மஞ்சள் தாது. அதிலுள்ள ஆர்சனிக் ஒளியில் சிதைந்து, ஈயத்தோடு சேர்ந்து நிறமற்ற ஈய ஆர்சனேட் ஆகிவிட்டது. எக்ஸ்ரே ஒளிர்வு முறையில் ஆர்சனிக் எங்கெங்கே இருக்கிறது என்று வரைபடம் எடுத்தபோது, மறைந்துபோன இதழ் மடிப்புகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன.

ஆகவே பிரதி எடுக்கும்போது இன்றைய நிலையை அப்படியே வரையாதீர்கள். இலைக்கு அல்ட்ராமரின் நீலத்தோடு நிக்கல் அசோ எல்லோ (பிஒய் 150). ஒளியைத் தாங்கும், கிளேஸுக்குத் தேவையான தெளிவும் உண்டு. மஞ்சள் ரோஜாவுக்கு காட்மியம் மஞ்சள்; நிழலுக்குக் கறுப்பைத் தொட்டால் பச்சை தட்டிவிடும், அதனால் ரா அம்பரும் துளி மஞ்சள் ஓக்கரும். உள் இதழ்களின் இடுக்கில் மட்டும் பர்ன்ட் சியன்னாவைக் கிளேஸாக விடுங்கள்.