காரணம் எழுதும் கட்டம்

சுனாமிக்குப் பிறகு வீட்டுப் பதிவுக்காகத் திருகோணமலையில் திருக்கடலூர்ப் பக்கம் அலைந்த நாட்களில் ஓர் அம்மா சொன்ன பதில் இன்னும் என்னை விடவில்லை. கடலை விட்டுத் தள்ளிக் காணியும் கல்வீடும் தருகிறோம் என்றோம், வேண்டாம் என்றார். ஏனம்மா என்று கேட்டேன். "விருப்பமில்லை தம்பி."

படிவத்தில் மறுப்புக்கான காரணம் என்று ஒரு கட்டம் இருந்தது, வெறுமையாக விட்டால் திரும்பி வந்துவிடும். நானே ஒவ்வொன்றாகக் கேட்டேன். தொழிலா? வீட்டில் கடலுக்குப் போகிறவர் யாரும் இல்லை. கோயிலா, பிள்ளைகளின் பள்ளிக்கூடமா? எல்லாவற்றுக்கும் இல்லை. கடைசியில் 'வாழ்வாதாரம்' என்று எழுதினேன். வாசித்துக் காட்டச் சொன்னார். "நான் அப்படிச் சொல்லேல்லையே. யோசிச்சுத்தான் வேண்டாமெண்டு சொன்னனான். யோசிச்சதெல்லாம் உங்களுக்குச் சொல்ல வேணுமே?"

எழுதியது சரி என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன், ஒரு காரணம் இல்லாமல் அந்தப் படிவம் மேசையைத் தாண்டியிருக்காது. ஆனாலும் அவர் கேட்டது கேட்டதுதான்.

நிஸ்பெட், வில்சன் என்ற இரு உளவியலாளர்கள் 1977 இல் எழுதிய ஒன்றைப் பின்னர் வாசித்தேன். ஒரே மாதிரியான நான்கு சோடி காலுறைகளை வரிசையாக வைத்து எது நல்லது என்று கேட்டார்களாம். வலது ஓரத்தில் இருந்ததைத்தான் கூடுதலானவர்கள் எடுத்தார்கள், ஏன் என்றால் அதன் தரத்தைச் சொன்னார்கள், இருந்த இடத்தை ஒருவரும் சொல்லவில்லை. எங்கள் முடிவுகளுக்கே நாங்கள் பிறகுதான் காரணம் தேடுகிறோம் போலிருக்கிறது. அந்த அம்மா தேட மறுத்தார், அவருக்காக நான் தேடினேன்.

கடலிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டக்கூடாது என்று அரசு போட்ட விதியால்தான் தள்ளிக் காணி கொடுத்தோம், அப்புறம் அந்த விதியைத் தளர்த்தினார்கள். உடனே எங்கள் ஆட்களே "அந்த அம்மா கெட்டிக்காரி, முன்னமே கணக்குப் போட்டுட்டா" என்றார்கள். எனக்குக் கோபம் வந்தது. தெற்கில் 100 மீற்றர், எங்களுக்கு 200 என்று விதி வந்தபோது ஏன் என்று எழுத எந்தக் கட்டமும் இருக்கவில்லை, ஒரு பெண் வேண்டாம் என்றால் மட்டும் ஆளுக்கொரு காரணம் வேண்டும்.

இப்படியெல்லாம் சொல்கிற நானே 2012 ஏப்ரல் 11 சுனாமி எச்சரிக்கையின்போது, வரமாட்டேன் என்று திண்ணையில் இருந்த ஓர் ஐயாவைக் கையைப் பிடித்து இழுத்து வாகனத்தில் ஏற்றினேன். அன்று கடல் வரவில்லை. அவரும் யோசித்துத்தான் சொல்லியிருப்பார். அவருடைய விருப்பத்தை ஏன் மதிக்கவில்லை என்றால் உயிராச்சே என்பேன். அந்த 200 மீற்றரும் உயிருக்காகத்தானே என்று யாராவது திருப்பிக் கேட்டால் என்னிடம் பதில் இல்லை.