செங்காந்தளை வரையும் தாவரவியலாளருக்கு

தாவர வகைப்பாட்டையும் ஓவியத்தையும் தனித்தனி வேலையாக வைத்துக்கொண்டால் இரண்டாவதற்கு நேரமே வாய்க்காது. அளவுக் குறிப்பு எழுதும் அதே மேசையில், அதே பூவை வைத்துப் பென்சிலையும் எடுத்துவிட வேண்டும். வரையத் தொடங்கினால்தான் சில கேள்விகளே எழும். மகரந்தப்பை காம்போடு எந்த இடத்தில் ஒட்டியிருக்கிறது? விவரணையில் இதை விட்டுவிட்டாலும் யாரும் கவனிக்க மாட்டார்கள். படத்தில் ஏதோ ஓர் இடத்தில் ஒட்டித்தானே ஆகவேண்டும்!

செங்காந்தளில் முதல் வேலை நிறம். பச்சை கலந்த மஞ்சளில் விரியும் பூ, மேற்பாதி சிவந்து, கடைசியில் முழுக்கச் செந்நிறமாகிறது. ஆகவே ஒரே கொடியில் மூன்று பருவப் பூக்களையும் பார்த்து, நேர்வெயில் படாத நிழலில், இறுதிப் படத்துக்கான அதே தாளிலேயே (300 ஜிஎஸ்எம் தடிமனுள்ள, ஹாட் பிரஸ் எனப்படும் வழவழப்பான பருத்தித் தாள்) நிறத் திட்டுகள் போட்டு, எந்த வண்ணத்தோடு எதைக் கலந்தது என்று பக்கத்தில் எழுதிவிடுங்கள். கைப்பேசிப் படத்தை நம்ப முடியாது. இவ்வளவு அடர்ந்த சிவப்பில் நரம்பெல்லாம் கரைந்து ஒரே திட்டாகிவிடும். அலிசரின் கிரிம்சன் வேண்டாம். ட்யூபில் நிறமிக் குறியீடு பி.ஆர். 83 என்றிருந்தால் அது வெளிச்சத்தில் வெளுக்கும்.

அடுத்தது அமைப்பு. ஆறு இதழ்களும் பின்னோக்கி மடங்கியிருக்கும், ஓரம் நெளிந்திருக்கும். அதிகம் பேர் சறுக்குவது சூலகத்திலிருந்து நீளும் சூல்தண்டில். அது சூலகத்தின் உச்சியில் ஏறக்குறைய செங்கோணமாகத் திரும்பிப் பக்கவாட்டில் நீள்கிறது. லில்லியை வரைந்து பழகிய கை அதை நேராக நிமிர்த்திவிடும். இலையடுக்கும் அப்படித்தான்: ஒரே தண்டில் எதிரெதிராகவும் மாறிமாறியும் மூன்றிலை வட்டமாகவும் வரலாம். கையிலுள்ள கிளையில் இருப்பதை வரையுங்கள், நூலில் படித்ததை அல்ல. இலைநுனி பற்றுக்கம்பியாகச் சுருள்வதை மறைக்காத கோணம் வேண்டும்.

வெட்டும்போது கையுறை அவசியம். செடி முழுவதும் கால்ச்சிசின் நஞ்சு. கிழங்கிலும் விதையிலும் கூடுதல். புது பிளேடால் சூலகத்தைக் குறுக்கே அறுத்தால் மூன்று அறைகள் தெரியும். உலர்ந்த பூ மட்டுமே கிடைத்தால் வெந்நீரில் ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம் விட்டுச் சில நிமிடம் ஊறவைத்துப் பிரிக்கலாம். காய்ந்த பாகம் சுருங்கியிருக்கும் என்பதால், அளவு பச்சையில் எடுத்ததா உலர்ந்ததிலா என்று குறிக்க வேண்டும்.

வரைந்த கிளையையே அழுத்தி உலர்த்தி, அந்த மாதிரிக்கு இடும் சேகரிப்பு எண்ணைப் படக்குறிப்பில் கொடுங்கள். கிழங்கு வேறு செடியினுடையது என்றால் அதன் எண்ணும் வரவேண்டும். எண் இல்லாத படம் அழகாக இருக்கலாம், சரிபார்க்க வழியில்லை.

19ஆம் நூற்றாண்டில் தென்னிந்தியத் தாவரங்களை ஆராய்ந்த தாவரவியலாளர் ராபர்ட் வைட்டுக்கு ரங்கையா, கோவிந்து என்ற ஓவியர்கள் வாய்த்தார்கள். 1838 முதல் 1853 வரை அவர் வெளியிட்ட தொகுப்பில் 2,101 படங்கள். கோவிந்துவின் பெயரை ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்கே சூட்டினார். இன்றைய ஆய்வாளருக்கு அந்த வசதி அபூர்வம். பூக்கும் பருவத்தில் நிறமும் அளவும் பென்சில் வரைவும் முடிந்துவிட்டால், மை வேலையை வகுப்பும் களப்பணியும் குறைந்த மாதங்களுக்குத் தள்ளலாம்.

மையில் சிக்கல், அச்சுக்காகப் படத்தைச் சிறிதாக்கும்போது வருகிறது. 30 செ.மீ. அகலப் படம் ஆய்விதழில் 17 செ.மீ. ஆகும்போது 0.1 மி.மீ. கோடு 0.06க்கும் கீழே போய் அச்சில் அறுந்து தெரியும். வெளிக்கோட்டுக்கு 0.3, நரம்புக்கும் புள்ளி நிழலுக்கும் 0.2 மி.மீ. பேனா போதும். புள்ளிகளை நெருக்கி வைத்தால் சுருங்கியதும் கறுப்புத் திட்டாகிவிடும். ‘இரண்டு மடங்கு’ என்று எழுதுவதும் கூடாது. சுருக்கினால் அது பொய்யாகிவிடும். ஒவ்வொரு பாகத்துக்கும் அருகில் அளவுக் கோடு போடுங்கள். பென்சிலை அழிக்கும் முன் மை ஓர் இரவு காயட்டும். ஸ்கேன் 1200 டிபிஐ.