கிராட்ஸில் இரண்டு நாள்: 585 குதிரைத்திறனும் மூன்று பட்டனும்

மெர்சிடிஸ் ஜி-கிளாஸ் என்கிற பெட்டி வடிவ வண்டியைப் பார்க்கப் போன கதை இது. ஆனால் முதலில் அந்த டாக்சிக்காரரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மனசு ஆறாது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். ஆஸ்திரியாவில் கிராட்ஸ் நகரத்துக்கு வடக்கே, ஷோக்கல் மலையின் அடிவாரத்தில் சாங்க்ட் ராடெகுண்ட் என்கிற ஊர். நாங்கள் ஏற வேண்டிய பேருந்து கண் முன்னாலேயே கிளம்பிப் போய்விட்டது. அட்டவணையைப் பார்த்தால் அடுத்தது ஒன்றரை மணி நேரம் கழித்து. குளிர் வேறு ஏறிக்கொண்டிருந்தது. சரி என்று டாக்சிக்குப் போன் போட்டோம். வந்தவர் மீட்டரைத் தொடவே இல்லை. கேட்டதற்கு, ஊருக்கு வெளியே என்றால் பேசின விலைதான் என்றார். யாரும் அவரிடம் எந்த விலையும் பேசவில்லை! இறங்கும்போது 70 யூரோ கேட்டார். கிட்டத்தட்ட ஏழாயிரம் ரூபாய், இருபது கிலோமீட்டர்கூட இல்லாத தூரத்துக்கு. நண்பன் ஜெர்மனில் மல்லுக்கட்டி 65-க்குக் கொண்டுவந்தான், அவ்வளவுதான். வியன்னாவிலிருந்து கிராட்ஸ் வரை முன்பதிவு ரயிலில் போய்த் திரும்ப எனக்கு அதைவிடக் குறைவாகத்தான் ஆனது. அந்த மலைக்குப் போகிறவர்கள், இறங்கின உடனே திரும்பும் பேருந்தின் நேரத்தைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை அட்டவணை தனி.

வியன்னாவில் ஒரு வாரம் ஆபீஸ் பயிற்சி. வார இறுதிக்குக் கூட வந்தவர்கள் எல்லாம் சால்ஸ்பர்க் போனார்கள். நான் கிராட்ஸ் போனதற்கு ஒரே காரணம்தான். மெர்சிடிஸ் ஜி-கிளாஸ் 1979-லிருந்து அந்த ஊரில்தான் தயாராகிறது. பெயரும் நட்சத்திரமும் ஜெர்மனியுடையவை, ஆனால் வண்டி ஆஸ்திரியாவில் பிறக்கிறது. 1972-இல் டைம்லர்-பென்ஸும் கிராட்ஸின் ஸ்டைர்-டைம்லர்-பூக் நிறுவனமும் சேர்ந்து தொடங்கின வேலை இது. இன்றைக்கு அந்தத் தொழிற்சாலை மாக்னா ஸ்டைர் என்ற பெயரில் ஓடுகிறது. என் கல்லூரி நண்பன் அங்கே ஒரு வாகன உதிரிபாகக் கம்பெனியில் வேலை பார்க்கிறான். அவனுடைய சக ஊழியர் ஒருவரிடம் ஜி-கிளாஸின் அதிவேக வகையான ஏஎம்ஜி ஜி 63 இருக்கிறது, சனிக்கிழமை கரடுமுரடுத் திடலுக்கு எடுத்துப் போகிறார், பின் சீட் காலி என்று அவன் சொன்ன நிமிடமே டிக்கெட் போட்டுவிட்டேன். எப்படிப் போவது, எங்கே தங்குவது, என்ன செலவு என்று வரிசையாக எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் வண்டியைச் சொல்லாமல் கை நகர மறுக்கிறது.

கதவிலிருந்து ஆரம்பிக்கிறேன். கைப்பிடியில் கட்டைவிரலால் அழுத்துகிற ஒரு பட்டன். அழுத்தினால் உள்ளே ஏதோ இரும்புத் துண்டு விலகுவது கையில் தெரிகிறது. மெதுவாகச் சாத்தினால் கதவு மூடாது, ஓங்கிச் சாத்த வேண்டும். ‘டக்’கென்று துப்பாக்கியின் போல்ட்டை இழுத்துவிட்ட மாதிரி ஒரு சத்தம். கீல்கள் வெளியிலேயே தெரிகின்றன. 2018-இல் வண்டியை அடியோடு புதிதாக வடிவமைத்தபோதும் இந்தக் கைப்பிடியைப் பழைய வண்டியிலிருந்து அப்படியே எடுத்துக்கொண்டார்கள். சரியான முடிவு. நான் கதவைத் திறந்து மூடி, திறந்து மூடி, நான்கு முறை கேட்டேன்.

வண்டிக்காரர் பானெட்டைத் திறந்து காட்டினார். நான்கு லிட்டர் வி8. இரண்டு டர்போக்களும் எஞ்சினின் வெளிப்பக்கத்தில் இல்லை, ‘வி’ வடிவத்தின் நடுப்பள்ளத்துக்குள் உட்கார்ந்திருக்கின்றன. புகை சிலிண்டரிலிருந்து டர்போவுக்குப் போகும் தூரம் குறைவு, அதனால் மிதித்தால் தாமதிக்காமல் இழுக்கிறது. 585 குதிரைத்திறன், 850 நியூட்டன் மீட்டர் டார்க். எஞ்சின் மேல் ஒரு சின்னத் தகடு, அதில் ஒரு கையெழுத்து. ஜெர்மனியில் அஃபால்டர்பாக் ஊரில் ஒரே தொழிலாளி முழு எஞ்சினையும் தனியாகக் கோர்த்து முடித்துத் தன் கையெழுத்தைப் பதிக்கிறார். 1979-இல் வந்த முதல் வரிசையின் சின்ன டீசல் வண்டிக்கு 72 குதிரைத்திறன்தான். அதே பெட்டி வடிவம், அதே ஊர், இன்றைக்கு எட்டு மடங்கு சக்தி.

நெடுஞ்சாலையில் ஏறும் வளைவு முடிந்ததும் மிதித்தார். இரண்டரை டன் வண்டி, நிற்கும் இடத்திலிருந்து 100 கிலோமீட்டர் வேகத்தைத் தொட 4.5 விநாடி என்று காகிதத்தில் படித்திருக்கிறேன். முதுகால் உணர்வது வேறு. மூக்கு மேலே எழும்புகிறது, வானம் கண்ணாடியை நிறைக்கிறது, பின் சக்கரத்துக்கு முன்னால் பக்கவாட்டில் முடியும் சைலன்சர் குழாய் பின் சீட்டுக்காரன் காலடியிலேயே இடி இடிக்கிறது. அங்கே சட்டப்படி 130தான் உச்சம், சில விநாடிகளில் அதைத் தொட்டு நின்றுவிட்டார். அந்த வேகத்தில் செங்குத்தான முன்கண்ணாடியில் காற்று மோதும் சத்தம் பேச்சை மறைக்கிறது. வளைவுகளில் உடம்பு சாய்கிறது. இது 2019 மாடல். 2024-இல் வந்த புது வண்டியில் அதிர்வு தாங்கும் டாம்பர்களை ஹைட்ராலிக் குழாய்களால் ஒன்றோடொன்று இணைத்து இந்தச் சாய்வைக் குறைக்க ஏற்பாடு செய்திருக்கிறார்கள். நேராகச் சொல்கிறேன், சாலையில் வேகமாகப் போவதற்காக மட்டும் இதை வாங்குகிறவர் பணத்தை வீணாக்குகிறார். அந்த வேலைக்கு இதைவிடத் தாழ்வாக உட்காரும் எத்தனையோ வண்டிகள் இருக்கின்றன.

அப்புறம் பெட்ரோல். டேங்க் 100 லிட்டர். பாதிக்கு மேல் நிரப்பும்போது மரியாதைக்காக நானும் பங்கு தருகிறேன் என்றேன், அவரும் வாங்கிக்கொண்டார். 40 யூரோ போயிற்று. என் விடுதி அறைக்கு ஒரு இரவு 52 யூரோ என்பதால் கொஞ்சம் வலித்தது. ஆனால் அடுத்த இரண்டு மணி நேரத்துக்கு அதைப் போல மூன்று மடங்கு கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பேன்.

நாங்கள் போன இடம் ஒரு பழைய கல்குவாரி. கட்டணம் கட்டிவிட்டு உள்ளே ஓட்டிக்கொள்ளலாம். முதல் தடை, இடமும் வலமுமாக மாற்றி மாற்றித் தோண்டிய பள்ளங்கள். வண்டி உள்ளே இறங்கியதும் முன் இடது சக்கரம் காற்றில், பின் வலது சக்கரமும் கிட்டத்தட்ட காற்றில். அவர் மெதுவாக மிதித்தார். தூக்கலாக இருந்த இரண்டு சக்கரமும் சும்மா சுழன்றன. எலக்ட்ரானிக்ஸ் அந்தச் சக்கரங்களை பிரேக் பிடித்து மற்றவற்றுக்குச் சக்தியைத் தள்ளப் பார்த்தது. கர்ர் கர்ர் என்று சத்தம், வண்டி விரல்கடை அளவு நகர்ந்து நின்றது. 585 குதிரைத்திறன் அங்கே ஒன்றுக்கும் உதவவில்லை.

டேஷ்போர்டின் நடுவில் மூன்று பட்டன்கள் இருக்கின்றன. மூன்றும் பூட்டுகள். முதலில் முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் நடுவில் இருக்கும் பூட்டு, அதற்குப் பிறகு பின் ஆக்சில், கடைசியில் முன் ஆக்சில், இந்த வரிசையில்தான் போட வேண்டும். மூன்று சிவப்பு விளக்கும் எரிந்ததும் அவர் எஞ்சினை முறுக்கவே இல்லை. வண்டி தன் பாட்டுக்கு, மாடு மேடேறுகிற மாதிரி, ஒரே சீராக நடந்து வெளியே வந்துவிட்டது.

எனக்கு உடனே ஞாபகம் வந்தது மன்னார்குடிப் பக்கம் எங்கள் ஊர் வயல்தான். சேற்றில் ஒரு பக்கச் சக்கரம் புதைந்து சும்மா சுற்றும்போது, சித்தப்பா டிராக்டரில் வலது குதிகாலால் ஒரு மிதியை அமுக்குவார். டிஃப் லாக். சாதாரண நேரத்தில் டிஃபரென்ஷியல் இரண்டு சக்கரங்களையும் வேறு வேறு வேகத்தில் சுற்ற விடுகிறது, அது இல்லாவிட்டால் வளைவில் சக்கரம் சறுக்காமல் திரும்ப முடியாது. ஆனால் ஒரு சக்கரத்துக்குப் பிடிமானம் போய்விட்டால் அதே டிஃபரென்ஷியல் சக்தியை அந்தச் சுழலுகிற சக்கரத்தில் வீணடிக்கிறது. லாக் போட்டால் இரண்டும் ஒன்றாகத்தான் சுற்றியாக வேண்டும், பிடிமானம் இருக்கும் சக்கரம் வண்டியை இழுத்துவிடும். டிராக்டரில் பின்பக்கத்துக்கு ஒன்று. இந்த வண்டியில் முன்னுக்கு, பின்னுக்கு, இரண்டுக்கும் நடுவில் என்று மூன்று. இரும்பைப் பல்லோடு பல்லாக மாட்டிப் பூட்டுகிற பூட்டு, நூறு சதவீதம். இதோடு லோ கியர் சேர்ந்தால் வேகம் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்காகிறது, இழுவை அதே அளவுக்குப் பெருகுகிறது.

அடியில் என்ன இருக்கிறது என்று குனிந்து பார்த்தேன். லாரிக்கு இருப்பது போலத் தனிச் சேஸி, ஏணி மாதிரி இரண்டு நீண்ட இரும்புச் சட்டங்களும் குறுக்குச் சட்டங்களும். இன்றைக்குப் பெரும்பாலான சொகுசு எஸ்யூவிகள் கார் போல உடலும் சட்டமும் ஒன்றாகவே வருகின்றன. இங்கே உடல் தனி, சேஸி தனி. பின்னால் ஒரே தண்டாகப் போகும் ரிஜிட் ஆக்சில். முன்னால் மட்டும் 2018-இல் தனித்தனி சஸ்பென்ஷனுக்கு மாறினார்கள். அதன் கைகளையும் நடுவில் துணைச் சட்டம் எதுவும் வைக்காமல் நேராகச் சேஸியிலேயே மாட்டியிருக்கிறார்கள், அடி உயரம் குறையக்கூடாது என்பதற்காக. 70 சென்டிமீட்டர் ஆழத் தண்ணீரில் இறங்கலாம். குவாரியில் இருந்த குட்டையில் பம்பர் மூழ்கும் அளவுக்கு இறங்கினோம், உள்ளே ஒரு சொட்டு வரவில்லை.

நம் ஊரில் 2024-இல் புது ஜி 63 வந்தபோது ஷோரூம் விலையே 3 கோடியே 60 லட்சம். அதை வாங்குகிறவர்களில் பெரும்பாலானவர்கள் அந்த மூன்று பட்டனைத் தொடாமலேயே வண்டியை விற்றுவிடுவார்கள் என்பது என் எண்ணம். அது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை ஷோக்கல் மலை. ஜி-கிளாஸின் ஒவ்வொரு புது வடிவமும் இந்த மலையில்தான் சோதிக்கப்படுகிறது. காட்டுக்குள் 5.6 கிலோமீட்டர் தடம், சில இடங்களில் 60 சதவீதச் சரிவு. அதாவது நூறு அடி முன்னால் போனால் அறுபது அடி மேலே. நம் கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவும் இதன் பக்கத்தில் சமதளம் மாதிரிதான். நாம் அங்கே வண்டி ஓட்ட முடியாது. ஆனால் சாங்க்ட் ராடெகுண்டிலிருந்து கேபிள் காரில் 1445 மீட்டர் உயர உச்சிக்குப் போய், நடைபாதையில் இறங்கி வரலாம். நாங்கள் பாதி தூரம் இறங்கினோம். சுண்ணாம்புப் பாறை, ஈர வேர், பானை அளவுக் கற்கள். நடக்கிறவனுக்கே முழங்கால் நடுங்குகிறது. இரண்டரை டன் இதில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஏறி இறங்கித்தான் கடைக்கு வருகிறது என்று நினைத்தபோது, முதல் நாள் பார்த்த அந்தச் சேஸி ஏன் அவ்வளவு தடிமன் என்பது புரிந்தது. திரும்ப மேலே ஏறிவிட்டோம், பசி.

உச்சியில் ஒரு மலைக்குடில் உணவகம். சைவம் கேட்டதும் கேஃபர்போனன் சாலட் என்றார் பரிமாறும் பெண். நம் மொச்சையைப் போல இரண்டு மடங்கு பெரிய, ஊதாவும் கறுப்புமான பயறு, பச்சை வெங்காயம், வினிகர், அதன் மேல் தாராளமாகப் பூசணி விதை எண்ணெய். ஸ்டைரியா மாநிலத்தின் பெருமையே இந்த எண்ணெய்தான். கிண்ணத்தில் கறுப்பாகத் தெரிகிறது, ரொட்டியில் தொட்டால் கரும்பச்சை. வறுத்த நிலக்கடலை வாசனை, நல்லெண்ணெய் போலக் கனம். கடைசிச் சொட்டு வரை ரொட்டியால் துடைத்துச் சாப்பிட்டேன். 9 யூரோ. ஆஸ்திரியாவில் ஒரு வாரம் சாப்பிட்டதில் இதுதான் முதலிடம். கால் லிட்டர் பாட்டில் ஒன்று வாங்கிப் பெட்டிக்குள் துண்டில் சுற்றி வைத்திருக்கிறேன்.

செலவுக் கணக்கு கேட்பவர்களுக்கு: நான் போனபோது கிராட்ஸின் நடு ஊரில் ஹாப்ட்பிளாட்ஸுக்கும் யாகொமினிபிளாட்ஸுக்கும் இடையில் டிராம் இலவசமாக இருந்தது. டாக்சியை விட்டுவிட்டுப் பார்த்தால் இரண்டு நாளும் 200 யூரோவுக்குள் முடிந்திருக்கும்.

இரவு ரயிலில் உட்கார்ந்து சித்தப்பாவுக்கு அந்தக் குவாரி வீடியோவை அனுப்பினேன். அங்கே நள்ளிரவு தாண்டியிருக்கும், இருந்தும் உடனே கூப்பிட்டார்.

“என்னடா தம்பி, டிஃப் லாக் போட்டமாதிரி வெளிய வருது?”

“ஆமா சித்தப்பா, அதேதான்.”

“காலால மிதிக்கிறதா?”

“இல்ல, கையால. பட்டன். முன்னுக்கு ஒண்ணு, பின்னுக்கு ஒண்ணு, நடுவுல ஒண்ணு.”

கொஞ்ச நேரம் சத்தமில்லை.

“முன்னுக்குமா?” என்றார். “அந்த வீடியோவை இன்னொரு தடவை அனுப்பு, சக்கரம் கிட்டத்துல தெரியிற மாதிரி.”