குதிரை இல்லாத வண்டில்

1972இல் லண்டன் வந்து இறங்கியபோது, நம் கல்லூரி விடுதியில் எனக்கு இரண்டு வகுப்பு மேலே இருந்த அண்ணை ஒருவருடைய அறையில்தான் ஒதுங்கினேன். வீட்டுக்காரி 'ஸ்டெப்டோ அண்ட் சன்' என்ற பிபிசி நகைச்சுவைத் தொடர் போகும் நாட்களில் எங்களையும் தொலைக்காட்சிக்கு முன்னால் கூப்பிட்டு இருத்துவா.

எங்கள் ஆங்கில மாஸ்டர் 'எச்' ஒலியை விழுங்கினால் அடிமட்டத்தால் மேசையில் தட்டுவார். இந்தத் தொடரிலோ, லண்டன் ஷெப்பர்ட்ஸ் புஷ்ஷில் பழஞ்சாமான் சேர்க்கும் கிழவர் ஆல்பர்ட், பெற்ற மகன் ஹரோல்டையே 'ஆரோல்ட்' என்றுதான் கூப்பிடுவார். பாதி விளங்காது. மகன் தகப்பனை 'ஊத்தைக் கிழவா' என்று ஏசியது மட்டும் நன்றாக விளங்கியது. பெற்ற ஐயாவுக்கு முன்னால் கதிரையில் இருந்தறியாத எனக்கு உடம்பு கூசியது. "தேப்பனுக்கு இப்பிடிச் சொல்லுறானே!" என்றார் அண்ணை.

அவர்களோடு நான் ஒட்டியது, அந்த வருடம் வந்த 'டிவைடட் வீ ஸ்டாண்ட்' கதையில். ஒத்துவராமல் ஹரோல்ட் வீட்டின் நடுவே மறைப்பு அடித்துவிடுகிறான். போக வர ஒரு சுழல்கதவு. தொலைக்காட்சிப் பெட்டி நட்டநடுவில், ஆளுக்குப் பாதித் திரை! வேலியை ஒரு சாண் அரக்கியதற்கு வருடக்கணக்கில் வழக்கென்று கோடேறும் ஊரிலிருந்து போன எங்களுக்கு ஒருவரும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ரே கால்ட்டனும் அலன் சிம்ப்சனும் எழுதிய அந்தத் தொடர் 1974இல் முடிந்தது. கிழவராக நடித்த வில்ஃப்ரிட் பிராம்பெல், மகனாக நடித்த ஹரி கார்பெட்டைவிட 13 வயதுதான் மூத்தவர். அந்த முகங்களைப் பார்த்தால் நம்ப மனம் வராது.

பல வருடங்களுக்குப் பிறகு ஐயா லண்டன் வந்திருந்தார். 1962இல் வந்த முதல் கதையை வீடியோவில் போட்டுக் காட்டினேன். ஹரோல்ட் வீட்டைவிட்டுப் போக முடிவெடுத்துத் தன் சாமான்களை வண்டிலில் ஏற்றுகிறான். குதிரையைத் தரமாட்டேன் என்கிறார் கிழவர். மகன் தானே வண்டிலை இழுக்கிறான். அசையவில்லை. திரும்பத் திரும்ப இழுத்து, கடைசியில் அழுதுவிடுகிறான்.

ஐயாவுக்கு ஆங்கிலம் தெரியாது. நான்தான் பக்கத்திலிருந்து சொல்லிக்கொண்டிருந்தேன். என் பயணக் காசுக்காக இரண்டு வண்டில் மாடுகளையும் விற்றவர் அவர். அதைப் பற்றி எங்களுக்குள் ஒரு நாளும் கதை வந்ததில்லை. படம் முடிந்தும் வெகுநேரம் திரையையே பார்த்திருந்தார்.

"குதிரையைக் குடுத்திருக்கலாம், தம்பி."