பெரிய கொசுவும் பேட்டும்

வேலூர்ப் பக்கம் ஐப்பசி மழை ரெண்டு நாள் பேய்ந்து ஓய்ந்தால் போதும், ராத்திரி ஏழரை மணிக்கு ஏதாவது ஒரு வீட்டில் இந்தக் கூத்து நடக்கும். ஒட்டடைக்கு உயிர் வந்த மாதிரி ஒன்று டியூப்லைட்டைச் சுற்றித் தள்ளாடும். "ஐயோ நைனா, இன்னா இவ்ளோ பெரிய கொசு!" என்று பெண் கட்டில் மேல் ஏறிவிடுவாள். நைனா பேட்டைத் தேடுவார். கிடைக்கும், சார்ஜ் இருக்காது. "அது கட்ச்சா யானைக்கால் வரும்டி" என்று ஆயா தீர்ப்பு சொல்லிவிட்டுக் காலை நீட்டி உட்கார்ந்துகொள்வார்.

அது கொசுவே இல்லை. பெயர் கிரேன் ஃப்ளை. கிரேன் என்றால் இங்கே கொக்கு. அந்தக் காலைப் பார்த்தால் விளங்கும். சார்ல்ஸ் பால் அலெக்சாண்டர் (1889–1981) என்ற பூச்சியியலாளர் இந்தக் கூட்டத்தில் மட்டும் பத்தாயிரம் இனங்களுக்கு மேல் பெயர் வைத்துவிட்டுப் போனார். நம்ம வீட்டில் அத்தனைக்கும் சேர்த்து ஒரே பெயர், 'பெரிய கொசு'.

உட்கார்ந்திருக்கும்போது முதுகைப் பாருங்கள், 'வி' எழுத்து போல ஒரு கோடு ஓடும். இறக்கைக்குப் பின்னால் ரெண்டு குட்டிக் குண்டூசி நீட்டிக்கொண்டிருக்கும். ஈ, கொசு எல்லாவற்றுக்கும் அது உண்டு, பறக்கும்போது நிலை தடுமாறாமல் பார்த்துக்கொள்கிற உறுப்பு. இதற்குத்தான் கண்ணுக்குத் தெரிகிற அளவில் இருக்கிறது. அது இருந்தும் இந்தத் தள்ளாட்டம்! தோலைத் துளைக்கிற ஊசி வாயில் கிடையாது. 'கொடுக்கு' என்று எல்லாரும் பயப்படுகிற கூரான வால், பெண் பூச்சி ஈர மண்ணில் குத்தி முட்டை வைக்கிற கருவி. ஆணுக்கு வால்முனை மொட்டையாக இருக்கும். ஜோடி சேர்ந்தால் வாலோடு வால் ஒட்டி, தலைகள் எதிரெதிர்த் திசையில், காட்பாடி ஜங்ஷனில் ரெண்டு பக்கமும் இன்ஜின் மாட்டின வண்டி மாதிரி நிற்கும். கொசுவைப் பிடித்துத் தின்னும் என்று சிலர் பெருமையாகச் சொல்வார்கள். அதுவும் இல்லை. கொஞ்சம் தேன் குடித்தால் உண்டு. பல இனங்கள் அதுகூடக் கிடையாது.

பேட்டால் அடித்தால் பூச்சி தப்பும், கால் மட்டும் விழும். தொடைக்கு மேலே, உடம்பை ஒட்டி, கழன்றுகொள்வதற்கென்றே ஓர் இணைப்பு இருக்கிறது. பல்லி பிடித்தால் காலைக் கொடுத்துவிட்டு ஓட. வளர்ந்த பூச்சி மறுபடி தோல் உரிக்காது, அதனால் போன கால் போனதுதான். நாலு காலோடும் குடித்தனம் நடத்தும்.

வெளியே அனுப்ப, முதலில் ஃபேனை நிறுத்துங்கள். அறை விளக்கை அணைத்து, ஜன்னலைத் திறந்து, வாசல் விளக்கைப் போட்டால் பெரும்பாலும் தானே போய்விடும். போகாவிட்டால் அகல வாய் ஊறுகாய் பாட்டில் ஒன்றும், பழைய கல்யாணப் பத்திரிகை ஒன்றும் போதும். சுவரில் உட்கார்ந்ததும் மெதுவாக மூடி, பத்திரிகையை அடியில் நுழைக்க வேண்டும். எவர்சில்வர் டம்ளர் வேண்டாம். வாய் சிறியது, உள்ளே தெரியாது, விளிம்பில் கால் நசுங்கும். வாசல் விளக்கடியில் விட்டால் நைனா உள்ளே வருவதற்குள் அதுவும் வந்துவிடும். இருட்டான பக்கமாகக் கொண்டுபோய் விட வேண்டும்.

மருந்தடிப்பது வீண். வளர்ந்த பூச்சியின் ஆயுளே ஒன்றிரண்டு வாரம்தான். புழுவாகத்தான் அதிக காலம் இருக்கிறது. பாத்திரம் கழுவின தண்ணி ஓடுகிற வாழையடியில், மக்கின சருகைக் கிளறினால் கிடைக்கலாம்: காலில்லாத, மண் நிறத் தடித்தோல் புழு. தொட்டால் தலையை உள்ளே இழுத்துக்கொள்ளும். மூச்சுவிடுவது பின்பக்கத்தால், அங்கே ரெண்டு துளை, சுற்றிலும் விரல் விரலாகச் சதை. முதல் தடவை பார்ப்பவர்கள் அதைத்தான் முகம் என்று நினைப்பார்கள். பெரும்பாலும் மக்கினதைத் தின்னும். சில இனங்கள் புல் வேரையும் கடிக்கும்.

யானைக்கால் பரப்புவது க்யூலெக்ஸ் கொசு. அரை சென்டிமீட்டர் அளவுதான் இருக்கும். எல்லாரும் மேலே டியூப்லைட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிற அந்த நேரத்தில், ஆயா நீட்டின காலில் ஒன்று சாவகாசமாக உட்கார்ந்திருக்கும்.